காருக்கு ஜாக்கி போடும் முன் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் மாதத்தில் தவறாமல் செய்வது ஒன்று உண்டு. பிரியாணி செய்வதிலிருந்து மோட்டார் பம்ப் ரிப்பேர் வரை எல்லாவற்றுக்கும் வீடியோ தேடிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பிரியாணி சரியாக வராவிட்டால் ஒரு வேளை சாப்பாடுதான் வீண். ஆனால் காரை ஜாக்கி போட்டுத் தூக்குவதை வீடியோ பார்த்து மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன். அதனால்தான் கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் பற்றி எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய சின்ன கார் ஒன்று வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"தம்பி, ஆயில் மாத்தறது எப்படின்னு வீடியோ பார்த்துட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில படுத்து ஒரு போல்ட்டைக் கழட்டினா போதும். கொஞ்சம் கூட நில்லுங்க."

நான் போனபோது கார் வாசலில் நின்றது. செம்மண் தரை. இரண்டு நாள் முன்பு மழை பெய்து மேலே காய்ந்திருந்தது. டிக்கியில் இருந்த ஜாக்கியை எடுத்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தூக்கியதும் முட்டுக் கொடுப்பதற்கு இரண்டு ஹாலோ பிளாக் தயாராக இருந்தன.

"ஹேண்ட் பிரேக் போட்டீங்களா சார்?"

"அது கேபிள் லூசா இருக்கு, சரியா பிடிக்காது. முதல் கியர்ல போட்டு வெச்சிருக்கேன், எங்கே நகரும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லாரி ஓட்டும் என் மாமா ஒருவர் எப்போதும் செய்யும் ஒரு பழக்கம் மட்டும் ஞாபகம் வந்தது. ஸ்டெப்னியை உருட்டி வந்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் காருக்கு அடியில் படுக்கப் போட்டேன். சார் சிரித்தார். கைப்பிடியைச் சுற்றினார். சக்கரம் தரையை விட்டு நாலு விரல் மேலே வந்தது. பாயை விரித்து அடியில் போவதற்காக முட்டி போட்டார். அப்போது கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அரை அடிகூட இருக்காது. ஜாக்கி சாய்ந்து, அதன் கால் ஒரு பக்கம் மண்ணுக்குள் இறங்கி, கார் 'தொம்' என்று ஸ்டெப்னி மேல் உட்கார்ந்தது. கதவுக்கு அடியில் இருக்கும் தகரம் நசுங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஒரு நிமிடம் கழித்து நடந்திருந்தால் சார் உள்ளே இருந்திருப்பார்.

அன்று சாயங்காலம் இருவரும் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதே வீடியோவை மறுபடியும் பார்த்தோம். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

வீடியோவை நிறுத்திப் பார்ப்பது எப்படி?

யூடியூபில் வீடியோ ஓடும்போது கீபோர்டில் 'கே' விசையைத் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். 'ஜே' விசை பத்து நொடி பின்னால் கொண்டு போகும். நிறுத்திய நிலையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு படமாக முன்னால் நகரும், காற்புள்ளி விசையைத் தட்டினால் பின்னால் நகரும். வீடியோவின் கீழே பற்சக்கரம் போன்ற படத்தைக் கிளிக் செய்து வேகத்தையும் குறைத்துக் கொள்ளலாம். வேலை கற்றுக்கொள்ள வீடியோ பார்ப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த விசைகளைத்தான்.

அப்படிப் பார்த்தபோது காலையில் எங்கள் கண்ணில் படாதவை ஒவ்வொன்றாகப் பட்டன.

முதலாவது, தரை. அது அமெரிக்காவில் ஒரு வீட்டின் கார் ஷெட். வழவழப்பான கான்கிரீட் தளம். பேசுபவர் தரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. நமக்கோ அதுதான் முதல் விஷயம். சிறிய கார்கூட முக்கால் டன் அளவுக்கு எடை இருக்கும். அதில் ஒரு மூலையின் எடை முழுவதும் நம் உள்ளங்கை அகலமே உள்ள ஜாக்கியின் காலில் இறங்குகிறது. மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் செம்மண் அதைத் தாங்காது. சிமெண்ட் தளம் இல்லாவிட்டால், ஜாக்கியின் காலைவிட நன்றாக அகலமான தடித்த மரப்பலகையை அடியில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒரு நொடி வந்து போன காட்சி. பேசுபவர் காலால் எதையோ பின் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார். முற்றுப்புள்ளி விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். அது முக்கோணக் கட்டை. கார் உருளாமல் இருக்க டயருக்குக் கொடுக்கும் முட்டு. எங்கள் கார் உருண்டதற்குக் காரணம் அங்கே இருந்தது.

கியரில் போட்டிருந்தும் கார் ஏன் நகர்ந்தது என்று சாருக்கு ஒரே ஆச்சரியம். விடை இதுதான். பெரும்பாலான சின்ன கார்களில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. கியரில் போட்டு நிறுத்தினால் என்ஜின் பிடித்துக் கொள்வதும் முன் சக்கரங்களை மட்டும்தான். இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு உள்ளது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற இது வழி செய்கிறது. இதே அமைப்பு, ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் தாராளமாகச் சுற்ற விட்டுவிடும். ஆகவே முன் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பிய நொடியே கியரின் பிடி போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்தான். அதுவும் லூசு. பின் சக்கரத்தைத் தூக்கும்போது நிலைமை வேறு. அங்கே ஹேண்ட் பிரேக் பிடிக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்று அந்தரத்துக்குப் போய்விடும். ஆகவே எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் ஹேண்ட் பிரேக், கியர் இரண்டும் போட்டு, எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுத்துவிட வேண்டும். உருண்டைக் கல் வேண்டாம், முனை உள்ள கல்லாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஜாக்கியே வேறு. வீடியோவில் இருந்தது சக்கரம் வைத்த ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி. அதை வைத்துத் தூக்கிய பிறகும் அவர் அடியில் போகவில்லை. இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளைக் காருக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் காரை இறக்கி உட்கார வைத்த பிறகுதான் படுத்தார். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால்கூட கார் கீழே இறங்கும். டிக்கியில் வரும் கத்தரி ஜாக்கி அதைவிட மெலிந்தது. அதைச் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே கொடுக்கிறார்கள். அடியில் போவதற்கு அல்ல. இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்து நசுங்கி இறப்பவர்கள் இருப்பதால், ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் ஆணையம் இதற்கென்றே தனியாக எச்சரிக்கைகள் வெளியிட்டிருக்கிறது.

ஹாலோ பிளாக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் எல்லா வாசலிலும் கிடக்கும். சுவரில் சிமெண்ட் பூசி வரிசையாக அடுக்கும்போது அது நன்றாகத் தாங்கும். ஆனால் காரின் இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே வெடிப்பாக உடைந்து போகும். செங்கல்லும் அப்படியே. சார் அன்றைக்கே அந்த இரண்டு கல்லையும் எடுத்துக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் இடத்தில் போட்டுவிட்டார்.

நான்காவதாக ஒன்றைச் சார்தான் கண்டுபிடித்தார். "தம்பி, இவரு டிரைவர் சைடுன்னு சொல்றது நம்ம கண்டக்டர் சைடு!" உண்மைதான். அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் இடது பக்கம். நமக்கு வலது பக்கம். 'டிரைவர் பக்கத்தில் இந்த இடம்' என்று கேட்டு அப்படியே செய்தால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவோம்.

ஆக, அந்த வீடியோவில் தவறே இல்லை. அது வேறொருவருடைய கார், வேறொருவருடைய தரை, வேறு ஜாக்கி. நம் காருக்கான வழிமுறை வேறு இடத்தில் இருக்கிறது. அது ஓனர்ஸ் மேனுவல். கார் வாங்கும்போது கொடுக்கும் புத்தகம். பழைய கார் வாங்கியவர்களிடம் பெரும்பாலும் அது இருக்காது. சாரிடமும் இல்லை. ஆனால் அதே கம்ப்யூட்டரில் அதை இலவசமாக எடுத்துவிடலாம்.

மேனுவலை டவுன்லோட் செய்தல்

மாருதி சுசூகி, ஹூண்டாய் போன்ற கார் கம்பெனிகள் தங்கள் மேனுவல்களை பிடிஎஃப் பைலாகத் தங்கள் வெப்சைட்டிலேயே தருகின்றன. கூகுளில் காரின் பெயர், தயாரித்த வருடம், அதன்பின் 'ஓனர்ஸ் மேனுவல் பிடிஎஃப்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வருடம் முக்கியம். ஒரே பெயரில் வரும் கார் சில வருடங்களுக்கு ஒருமுறை முழுதாக மாறிவிடும், ஜாக்கி வைக்கும் இடமும் மாறலாம். வருடம் தெரியாவிட்டால் ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள்.

வரும் பட்டியலில் முதலில் இருப்பதையே கிளிக் செய்யும் பழக்கம் புதியவர்களுக்கு உண்டு. அங்கே 'ஸ்பான்சர்டு' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது பணம் கொடுத்து வைத்த விளம்பரம். இப்போது பட்டியலுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் ஒன்றும் வருகிறது. சமையல் குறிப்புக்கு அது போதும். ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் போதாது. பல கார்களின் செய்திகளை அது ஒன்றாகக் கலந்து சொல்லிவிடலாம். கம்பெனியின் வெப்சைட்டுக்குள் மட்டும் தேட ஒரு வழி உண்டு. தேடும் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அந்த வெப்சைட்டின் முகவரியைக் கொடுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டுக் காரின் பெயரையும் மேனுவல் என்பதையும் கொடுங்கள். மற்ற வெப்சைட்டுகள் பட்டியலில் வராது.

மேனுவல் தருகிறோம் என்று சொல்லி கிரெடிட் கார்டு எண் கேட்கும் வெப்சைட்டுகளும், பிடிஎஃப் என்று சொல்லி ஒரு புரோகிராமை இறக்கிவிடும் வெப்சைட்டுகளும் உள்ளன. டவுன்லோட் ஆன பைலின் பெயர் 'பிடிஎஃப்' என்று முடிய வேண்டும். 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் இந்தக் கடைசிப் பகுதியை மறைத்துத்தான் காட்டும். 'மேனுவல் புள்ளி பிடிஎஃப் புள்ளி இஎக்ஸ்இ' என்ற பைல், 'மேனுவல் புள்ளி பிடிஎஃப்' என்று அப்பாவியாகத் தெரியும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்துவிட்டால் முழுப்பெயரும் தெரியும்.

மேனுவலில் பல நூறு பக்கங்கள் இருக்கும். பைலைத் திறந்து கண்ட்ரோல் விசையை அழுத்திக் கொண்டு 'எஃப்' விசையைத் தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'ஜாக்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அந்தச் சொல் வரும் இடங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டு போகும். எதுவும் கிடைக்காவிட்டால், அது புத்தகத்தைப் படமாக ஸ்கேன் செய்த பைலாக இருக்கலாம். படத்தில் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் தேடாது. அப்போது பொருளடக்கத்தில் 'எமர்ஜென்சி' அல்லது சக்கரம் மாற்றுதல் என்ற பகுதிக்குப் போங்கள்.

பக்கம் கிடைத்ததும் பிரிண்ட் எடுப்பதில் சார் ஒரு தவறு செய்தார். நீங்களும் செய்யக்கூடும் என்பதால் சொல்கிறேன். சில மேனுவல்களில் பக்க எண்ணை '8-12' என்று போட்டிருப்பார்கள். எட்டாம் பகுதியில் பன்னிரண்டாம் பக்கம் என்று அர்த்தம். அதை அப்படியே பிரிண்ட் பெட்டியில் டைப் செய்தால், 8-ம் பக்கத்திலிருந்து 12-ம் பக்கம் வரை கேட்கிறோம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக் கொள்ளும். சாருக்கு முன்னுரையும் பொருளடக்கமும் ஐந்து பக்கம் வந்தன. பைலைத் திறக்கும் புரோகிராம் மேலேயோ கீழேயோ காட்டும் பக்க எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்தைக் குறிப்பிடாமல் அப்படியே பிரிண்ட் கொடுத்துவிட்டால் இங்க் முழுவதும் தீர்ந்துவிடும்.

பிரிண்டில் பார்க்க வேண்டியது

முக்கியமானது ஜாக்கி வைக்கும் இடத்தைக் காட்டும் படம். பெரும்பாலான சின்ன கார்களில், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகர விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னும் இரண்டிரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். அங்கே மட்டும் உள்ளே பலம் கொடுத்திருப்பார்கள். பிரிண்டைக் கையில் வைத்துக் கொண்டு குனிந்து தேடினோம். சார் காலையில் வைத்திருந்த இடம் ஒரு சாண் தள்ளி இருந்தது.

அடுத்து, நட்டுகளைத் தளர்த்துவது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால், அந்த உதைப்பே காரை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். மாட்டும்போது தூக்கிய நிலையில் கையால் திருகி, எதிரெதிர் நட்டாக லேசாக முடுக்கி, இறக்கிய பிறகு முழுதாக முடுக்க வேண்டும்.

எவ்வளவு முடுக்குவது என்பதையும் மேனுவல் சொல்லும். 85 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் ஏறக்குறைய 29 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் அளவு அது. கையால் நன்றாக அழுத்தினால் போதும், ஏறி மிதிக்க வேண்டாம். அமெரிக்க வீடியோக்களில் இதையே அடி-பவுண்டில் சொல்வார்கள். 85 அடி-பவுண்டு என்பது சுமார் 115 நியூட்டன் மீட்டர். எண்ணை மட்டும் எடுத்துக் கொண்டு அலகை விட்டால் மரை போய்விடும். கூகுள் தேடும் பெட்டியிலேயே எண், அலகு, 'இன்', வேண்டிய அலகு என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் உடனே மாற்றிக் காட்டும். டயர் காற்றின் பிஎஸ்ஐ அளவுக்கும் இது உதவும்.

தொப்பூர் கணவாயில் பஞ்சர் ஆனால்?

இந்தக் கேள்வியைச் சார் கேட்டார். அவருடைய மகள் வீடு சேலத்தில். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தேசிய நெடுஞ்சாலை 44-ல் வரும் தொப்பூர் கணவாய், பிரேக் பிடிக்காத லாரிகளால் பெயர் கெட்ட இறக்கம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகள் அங்கே அதிகம். மேனுவலில் முதல் வரியே, சமமான கெட்டியான தரையில் மட்டும் ஜாக்கி போடுங்கள் என்பதாகத்தான் இருக்கும். இறக்கத்தில் அதற்கு வழியே இல்லை. ஹசார்ட் விளக்கைப் போட்டு, முடிந்தால் மெதுவாக ஓட்டிச் சமதளம் வரை போய்விடுங்கள். டயர் கிழிந்தாலும் பரவாயில்லை. நகர முடியாவிட்டால் எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு வெளியே போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் செய்யுங்கள். இந்த எண்ணையும் சார் பிரிண்டின் மேல் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொண்டார்.

ஆயிலை மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக் கொண்டோம். ஹேண்ட் பிரேக் கேபிளையும் அன்றே இழுத்துக் கட்டியாயிற்று. பத்து நாள் கழித்துச் சார் வேறொரு வேலையாகக் கூப்பிட்டார். ஜெராக்ஸ் கடையில் அந்த இரண்டு பக்கத்தையும் லேமினேஷன் செய்திருந்தார். சக்கரம் மாற்றிப் பழக வேண்டுமாம். பள்ளிக்கூடத்தின் சிமெண்ட் மைதானத்துக்குக் காரைக் கொண்டு போனோம். நான் வரியாகப் படிக்க, அவர் செய்தார். முதல் தடவை நாற்பது நிமிடம் ஆனது. ஸ்டெப்னியில் காற்றே இல்லை என்பது மாட்டி இறக்கிய பிறகுதான் தெரிந்தது.